கைதட்டாத கேண்டீன்

போன வாரம் விடுமுறை நாளன்று காலையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஒரே வசவு. யாரோ அடித்துக்கொள்கிறார்கள் என்று பதறி நுழைந்தால், தம்பி மகன் கவின் தனியாக உட்கார்ந்து டிவியைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"அறிவு இருக்கா இவனுங்களுக்கு? நீங்களே பாருங்க அத்தே, டிஸ்க் போடுற எடமே இல்லையாம். என்கிட்ட இருக்குற கேமெல்லாம் குப்பையில போடணுமா? இந்த வெலைக்கு ஒரு பழைய மோட்டோர் சைக்கிளே வாங்கிடலாம் லா!"

திரையில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர், புதிதாக வரப்போகும் கேம் பெட்டியை, பிறந்த பிள்ளையைச் சொந்தக்காரர்களிடம் காட்டுவதுபோல் ஏந்திக் காட்டிக்கொண்டிருந்தார். எங்கோ ஒரு நாட்டில் முந்தின நாள் நடந்த அறிவிப்பாம். ஓரத்தில், பார்த்தவர்கள் எழுதியது மழைபோல் ஓடியது. படிக்கத் தெரிந்த மொழிகளில் எல்லாம் வசவு. தெரியாத மொழிகளிலும் வசவாகத்தான் இருக்க வேண்டும், பக்கத்திலேயே தக்காளிப் படமும் வாந்தியெடுக்கும் முகமும் போட்டிருந்தார்கள். கவினும் தன் பங்குக்கு வேகமாக எதையோ தட்டி அனுப்பினான். கறுப்புச் சட்டைக்காரர் சிரித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு இதெல்லாம் எட்டாதே.

உண்மையைச் சொன்னால் எனக்குள் குளுகுளு என்று இருந்தது. இந்தப் பெட்டிகள் எதையும் எனக்குப் பிடிக்காது. நல்லது கெட்டது பார்த்து வெறுக்கிற அளவுக்கு எனக்கு விஷயமும் தெரியாது. மொத்தமாகவே பிடிக்காது. சோபாவில் கிடந்த கண்ட்ரோலரை நகர்த்திவிட்டு உட்காரலாம் என்று கையில் எடுத்தேன். புதுப் பிளாஸ்டிக் வாசம் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், கட்டைவிரல் தன்பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. மேல், கீழ், இடம், வலம். பிறகு வலப்பக்கப் பொத்தான்கள். பிறகு முதுகுப் பக்கம்.

கவின் வசவை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "அத்தே, உங்களுக்கு இதெல்லாம் விளையாடத் தெரியுமா?"

"செய்யத்தான் தெரியும்" என்றேன். அவன் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.

பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த கையோடு நான் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு பேக்டரியில் சேர்ந்தேன். விடியும் முன்னே நாங்கள் குடியிருந்த ஜெலுத்தோங் பிளாட்டுக்குக் கீழே பேக்டரி பஸ் வந்து ஹார்ன் அடிக்கும். வாயில் பல் தேய்த்த நுரையோடு ஏறியவர்கள் உண்டு, நானும் ஒருமுறை ஏறியிருக்கிறேன். எங்கள் பேக்டரி சொந்தப் பெயரில் எதையும் விற்காது. ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கேம் பெட்டிக்குக் கண்ட்ரோலர் செய்து கொடுப்பது எங்கள் லைன். முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஈயம் வைத்துச் சூடு போடுவார்கள், நடுவில் இருப்பவர்கள் மூடி போட்டுத் திருகாணி முடுக்குவார்கள், கடைசியில் நான். எல்லாப் பொத்தானும் அமுங்குகிறதா என்று அமுக்கிப் பார்ப்பதுதான் எனக்கு உத்தியோகம். நாள் முழுக்க அமுக்குவேன். கட்டைவிரல் நுனி காய்த்துப்போய்க் கல்லாகிவிட்டது. பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தபோது, "கைய மூடி வச்சிக்கிட்டு உக்காரு" என்று அம்மா காதில் சொன்னார். மூடித்தான் வைத்திருந்தேன். அப்படியும் அது தட்டிப்போனது, காரணம் வேறு.

இத்தனை அமுக்கியும் எனக்கு விளையாட வராது. என் முதல் போனஸில் தம்பி சேகருக்கு ஒரு கேம் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தேன். ஒருநாள் நானும் உட்கார்ந்து பார்த்தேன். என் ஆள் நடந்துபோய் முதல் பள்ளத்திலேயே விழுந்தான். மறுபடி எழுப்பினேன், மறுபடி அதே பள்ளம். சேகர் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிக் கிடந்தான். ஆனால் தன் நண்பர்கள் வந்தால் கண்ட்ரோலரைத் தூக்கிக் காட்டி, "இது எங்கக்கா செஞ்சது" என்பான். நான் சமையலறையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் கேட்காததுபோல் நிற்பேன்.

எங்கள் லைன் லீடர் லெட்சுமி அக்கா. பல வருஷம் மெஷின் சத்தத்துக்கு நடுவில் இருந்ததால் அவருக்கு மெதுவாகப் பேச வராது. ரகசியம் சொல்கிறேன் என்று அவர் காதருகில் குனிந்தால் அடுத்த லைன்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் கணவர் துறைமுகத்தில் சாமான் தூக்கி முதுகு போய் வீட்டில் படுத்திருந்தார். அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவருக்கு இரண்டு இடம் தள்ளி காக் ரொஹானி. மலாய்க்காரப் பெண், காக் என்றால் அவர்கள் மொழியில் அக்கா. சிரித்த முகம். கோபம் வந்தால் மட்டும் தமிழில் திட்டுவார், லெட்சுமி அக்கா கற்றுக்கொடுத்த தமிழ்.

சனிக்கிழமை ஆனால் சேகர் லிட்டில் இந்தியாவுக்கு ஓடிவிடுவான். மசாலாக் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடியோ கேம் கடை இருந்தது. வாங்கக் காசு இல்லாத பையன்கள் எல்லாம் அங்கேதான் நிற்பார்கள். வீட்டுக்கு வரும்போது அவன் சட்டையில் மல்லித்தூள் வாசம் அடிக்கும். அப்படி ஒரு சனிக்கிழமை, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மூச்சிரைக்க ஓடிவந்தான். கையில் ஏதோ பத்திரிகையிலிருந்து எடுத்த பிரதி.

"அக்கா! புதுசு வருதுக்கா! நேத்துதான் சொல்லியிருக்கான். கண்ட்ரோலரே வேற மாதிரி!"

"வேற மாதிரின்னா?"

படத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தான். பார்த்தேன். நாங்கள் செய்கிற ஒரு துண்டுகூட அதில் இல்லை. பொத்தான்கள் இடம் மாறி இருந்தன. உடம்பே வேறு வடிவம். தட்டைத் தள்ளி வைத்தேன்.

"இத எங்க செய்யப் போறாங்கன்னு போட்டிருக்கா?"

"அதெல்லாம் யாருக்குக்கா வேணும்?" என்றான்.

அவன் சின்னப் பையன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்தப் படத்தின் மேல் அன்றைக்கு எனக்கு வந்த வெறுப்பு இருக்கிறதே, இன்றுவரை இறங்கவில்லை.

திங்கட்கிழமை அதை லைனுக்குக் கொண்டுபோனேன். லெட்சுமி அக்கா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டோம், பத்திரிகைக்காரன் கதை என்றார். ஆள் எடுக்கிற பெர்சனல் ஆபீசரிடம் போனோம். அவர் நம் தமிழர்தான், எங்கள் அப்பாவோடு கோயில் கமிட்டியில் இருந்தவர். "வீணா மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்கம்மா. அப்படி எதாச்சும் இருந்தா மொதல்ல ஒங்ககிட்ட சொல்லமாட்டமா?" என்றார்.

சொல்லவில்லை. அதன்பிறகு ஓவர்டைம் குறைந்தது. விலகிப் போனவர்கள் இடத்தில் புது ஆள் எடுக்கவில்லை. கூரைக்கு மேல் தண்ணீர் தேங்குவது வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாமலா போகும்? சட்டை மாற்றும் அறைக் கதவில் யாரோ அந்தப் படத்தை ஒட்டிவைத்தார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் அதற்கு ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி மீசை வரைந்தாள். ஒருத்தி மென்ற சூயிங்கம்மை அதன் மூக்கில் ஒட்டினாள், மூக்கு என்று ஒன்று அதற்கு இல்லாவிட்டாலும். காக் ரொஹானி தினமும் காலையில் அதன்முன் நின்று, "நாசமா போ" என்று சுத்தமான தமிழில் சொல்லிவிட்டுத்தான் தொப்பி மாட்டுவார். சிரிப்போம்.

வீட்டிலோ நேர் எதிர். சேகர் அதே படத்தைத் தன் கட்டிலுக்கு மேல் ஒட்டியிருந்தான். அதற்குப் பூப்போடாததுதான் பாக்கி. வெளியூரில் பெட்டி விற்பனைக்கு வந்துவிட்டதாம், பினாங்குக்கு இன்னும் வரவில்லையாம், வந்தாலும் நம்மால் வாங்க முடியாதாம். தினமும் இதே பாட்டு. அப்பா சாப்பிட உட்கார்ந்தால் அவர் காதிலும் இதுதான். அப்பா பாவம், அதைக் கோயிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்களை எல்லாம் கேண்டீனுக்கு வரச் சொன்னார்கள். லைனை நிறுத்திவிட்டுக் கூப்பிடுவது அபூர்வம். போனால் மேடை போட்டு ரிப்பன் கட்டியிருந்தது. ஒரு பக்கம் கறி மீ என்கிற நூடுல்ஸ், ஒரு பக்கம் கேக். மேடையில் மேசை, மேசைமேல் அந்தப் பெட்டி. படத்தில் குட்டிக் குட்டிப் பழகிய முகத்தை நேரில் பார்க்கிறோம். ஊரில் எந்தக் கடைக்கும் இன்னும் வராத பெட்டி.

மேனேஜர் மைக்கைப் பிடித்தார். மெலிந்த மனிதர், நல்ல வெள்ளைச் சட்டை. இந்தப் புதுப் பெட்டிக்குள் போகும் ஒரு வயரைச் செய்யும் வேலை நம் பேக்டரிக்குக் கிடைத்திருக்கிறது என்றார். அடுத்த கட்டடத்தில் செய்யப் போகிறார்களாம், பெரும்பாலும் மெஷினே செய்துவிடுமாம். நம் எல்லோருக்கும் பெருமை என்று சொல்லிவிட்டு, கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார்.

யாரும் தட்டவில்லை. பேசிவைத்துக்கொண்டு செய்தோம் என்று பிறகு சொன்னார்கள், சத்தியமாக இல்லை. தட்டக் கை எழவில்லை.

மேனேஜர் மைக்கைத் தட்டிப் பார்த்தார், ரிப்பேரோ என்று நினைத்தார்போல. பிறகு குலுக்கல் என்றார். எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிப் போட்டிருக்கிறோம், வருகிற பெயருக்கு இந்தப் பெட்டியே பரிசு. பெர்சனல் ஆபீசர் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். லெட்சுமி அக்காவின் பெயர்.

அக்கா மெதுவாக மேடை ஏறினார். அவருக்கு முழங்கால் வலி, படி ஏற நேரம் ஆகும். மேனேஜர் பெட்டியை நீட்டினார். அக்கா அதை வாங்காமல் மைக்கை வாங்கினார். அவர் குரலுக்கு மைக் எதற்கு என்று எனக்கு அந்த நேரத்திலும் தோன்றியது.

"தக் மாவ், என்சிக். பாகி கெர்ஜா" என்றார். வேண்டாம் ஐயா, வேலையைக் கொடுங்கள். அவ்வளவுதான். மைக்கை மேசையில் வைத்துவிட்டு அதே மெதுவில் இறங்கி வந்து உட்கார்ந்தார்.

மேனேஜர் வேடிக்கைப் பேச்சு என்று எண்ணிச் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் பாதியில் விட்டார். அடுத்த சீட்டை எடுக்கச் சொன்னார். காக் ரொஹானி. அவர் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையை ஆட்டினார். பின்னால் யாரோ கரண்டியால் மேசையைத் தட்டினார்கள். ஒரு தட்டு, இன்னொரு தட்டு, பிறகு கேண்டீன் முழுக்க.

ஆபீசருக்கு வேர்த்துவிட்டது. சீட்டை எல்லாம் விட்டுவிட்டு மேடையிலிருந்து கூட்டத்தைத் தேடினார். கண் என்மேல் வந்து நின்றது. இறங்கி நேரே என்னிடம் வந்தார். குனிந்து, கெஞ்சுகிற குரலில், "ஏம்மா, ஒன் தம்பி இதுக்காக அலையிறான்னு ஒங்கப்பா சொன்னாரே. வந்து வாங்கிக்கம்மா. எம் மானத்தக் காப்பாத்து" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. கட்டிலுக்கு மேல் ஒட்டிய படம் கண்முன் வந்தது. இந்தப் பெட்டியோடு நான் வீட்டுக்குப் போனால் சேகர் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். பிளாட் முழுக்கக் கேட்கிறமாதிரி கத்துவான். பிறகு அழுவான். லெட்சுமி அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிக்கொள் என்றும் இல்லை, வாங்காதே என்றும் இல்லை. என் முடிவை என்னிடமே விட்டுவிட்டார்.

"வேண்டாம் சார்" என்றேன். உட்கார்ந்துகொண்டேதான் சொன்னேன், வீராங்கனை என்று நினைத்துவிடாதீர்கள்.

பெட்டியைத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். கேக்கை யாரும் வெட்டவில்லை. கறி மீயை மட்டும் சாப்பிட்டோம். பசிக்கத்தானே செய்யும்.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது, ஆபீசர் அப்பாவுக்குப் போன் செய்திருந்தார். சேகர் கதவருகில் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"குடுத்தாங்களாக்கா? உன் கையில குடுத்தாங்களா?"

"ஆமா."

"வேண்டாம்னு சொன்னியா?"

"சேகரு, எங்க லைன..."

"ஒங்க லைன் எக்கேடு கெட்டா எனக்கென்ன?" என்று கத்தினான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதன்பிறகு பல மாதம் என்னோடு பேசவில்லை. "அம்மா, அவங்களச் சாப்பிட வரச் சொல்லு" என்பான், நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். 'அக்கா' என்பது 'அவங்க' ஆகிவிட்டது. நண்பர்கள் வந்தால் அந்தக் கண்ட்ரோலரைக் காட்டி அவன் எதுவும் சொல்வதில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஆனால் அந்தக் கேண்டீன் வீணாகப் போகவில்லை. அடுத்த வேலை நாளில் மேனேஜர் எங்கள் லைனுக்கு வந்தார். மைக் இல்லை, மேடை இல்லை. அவ்வளவு கிட்டத்தில் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. வருஷ முடிவுக்குள் லைனை மூடுகிறோம், சிலருக்குத்தான் வேறு இடம் கிடைக்கும், மற்றவர்கள் இப்போதே வேறு வேலை தேடிக்கொள்வது நல்லது என்று மலாயில் சொன்னார். முன்கூட்டியே சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

லெட்சுமி அக்கா எழுந்தார். கையில் ஈயம் வைக்கிற சூட்டுக்கோல் அப்படியே இருந்தது, அதைத் தாங்கியில் வைத்துவிட்டு ஆரம்பித்தார். எங்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உங்களுக்குச் செய்து கொடுத்தோம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் வந்தோம், எங்கள் சாவுக்குக் கேக் வெட்டுகிறீர்களா, உங்கள் அம்மா இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கும் அந்தப் பெட்டியைத்தான் கொடுப்பீர்களா என்று கேட்டார். பாதி மலாய், பாதி தமிழ். தமிழ்ப் பகுதியை இங்கே எழுத முடியாது. மேனேஜர் இடையில் பேசவில்லை. போகவும் இல்லை. தலையைத் தாழ்த்தி நின்று முழுவதையும் கேட்டார். கடைசியில், "சாயா மிந்தா மாஃப்" என்றார். மன்னிப்புக் கேட்கிறேன் என்று அர்த்தம். அக்கா, "மன்னிப்ப வச்சி அரிசி வாங்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து சூட்டுக்கோலை எடுத்தார்.

லைன் மூடியது. நான் வேறு பேக்டரியில் சேர்ந்து, பிறகு ஒரு ஆபீஸ் வேலைக்கு மாறினேன். அக்கா பக்கத்திலேயே இன்னொரு பேக்டரியில், தன் மகள் வயசுப் பெண்களோடு, கடைசி ஆளாகப் போய் உட்கார்ந்தார். சில வருஷம் கழித்துத் தீபாவளிக்கு முன்னால் மார்க்கெட் ஸ்திரீட்டில் சேலைக் குவியலுக்குள் அவரைப் பார்த்தேன். பழைய கதை பேசும்போது, "அந்தப் பொட்டிய வித்திருந்தா அப்பக் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம் பிள்ள. கிறுக்கி மாதிரி வேண்டாம்னுட்டு வந்தேன்" என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி. பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆனா அவன் மூஞ்சி போன போக்கப் பாத்தியா?" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அந்தப் பேக்டரி இப்போது இல்லை. கட்டடத்தை இடித்து, யாருடைய சாமானையோ அடுக்கிவைக்கும் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். கேண்டீன் இருந்த இடத்தில் லாரி திரும்புகிறது. மசாலாக் கடைக்குப் பக்கத்துக் கேம் கடை போய், கைப்பேசிக்கு உறை விற்கிறவன் வந்து, அவனும் போய்விட்டான்.

சேகர் ஒருவழியாக என்னோடு பேசினான், ஆனால் பெட்டியை மறக்கவில்லை. கல்யாண வீடுகளில் நாலு பேர் சேர்ந்தால் போதும், "கைக்கு வந்தத வேண்டாம்னு சொன்ன மகராசி இவங்கதான்" என்று ஆரம்பிப்பான். சிரிப்பதுபோல்தான் சொல்வான். உள்ளே கொஞ்சம் முள் இருக்கும். நானும் சிரிப்பதுபோல் கேட்டுக்கொள்வேன்.

அவனும் பாயான் லெப்பாஸில்தான் ஒரு கம்பெனியில் டெக்னீஷியனாக இருந்தான். போன வருஷம் ஒரு சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டுக்கு வந்தான். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"செக்ஷன மூடிட்டாங்கக்கா. இமெயில் வந்துச்சு."

"யாரு அனுப்புனது?"

"பேரே போடல. திருப்பி எழுதினேன், போகமாட்டேங்குது. பெர்சனல் ஆபீஸுக்குப் போனேன். அங்க ஆளு இல்ல, ஒரு ஸ்கிரீன் இருக்கு. ஒங்க பிரச்சினைய டைப் பண்ணுங்கன்னு வருது."

அவன் கூட வேலை செய்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். அவரவர் கைப்பேசியைப் பார்த்தார்களாம், பையை எடுத்துக்கொண்டு போனார்களாம். பிறகு, "லெட்சுமி அக்கா அன்னைக்கு ஒங்க மேனேஜர என்னன்னு திட்டினாங்க? முழுசாச் சொல்லுக்கா" என்றான்.

சொன்னேன். தமிழ்ப் பகுதியையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக் கேட்டுச் சிரித்தான். சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நின்னு கேட்டானாக்கா, அந்த ஆளு?"

"கடைசி வரைக்கும் நின்னான்."

இப்போது அவன் கடலுக்கு அக்கரையில் ஜுருவில் கார் விற்கிறான். கல்யாண வீட்டில் அந்தப் பெட்டிக் கதையை எடுப்பதில்லை. பாயான் லெப்பாஸில் பேக்டரிகளுக்கு இன்றும் குறைவில்லை. மூடுகிறார்கள், திறக்கிறார்கள், புதிது புதிதாக அறிவிக்கிறார்கள். எதிரில் வந்து நின்று வசவை வாங்கிக் கட்டிக்கொள்ள ஒரு ஆளைத்தான் காணோம்.